எல்லைக்கோடு செல்போனுக்கு வரும் வழி

வங்கக் கடலில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. 1974-லும் 1976-லும் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் அது வெறும் எண்களாக இருக்கிறது. அதில் ஒரு புள்ளி: வடக்கே 10 பாகை 05 நிமிடம், கிழக்கே 80 பாகை 03 நிமிடம். இதைச் செல்போன் செயலிக்குள் எழுதும் இளைஞர் அவசரத்தில் 10.05 என்று தட்டிவிட்டார் என்று வையுங்கள். 60 நிமிடம் சேர்ந்தால்தான் ஒரு பாகை. ஆகவே அவர் தட்டியிருக்க வேண்டியது 10.0833. இந்த ஒரு தவறால் அந்தப் புள்ளி 2 கடல்மைல், ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், தெற்கே நகர்ந்துவிடும். காரைக்காலில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய பட்டினச்சேரியிலிருந்து போன படகு இலங்கைக் கடலுக்குள் நுழைந்த பிறகும், ‘நம்ம பக்கம்தான் இருக்கீங்க’ என்று செல்போன் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்.

கடலோரத்துக்கு இத்தகைய செயலிகள் புதிதல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம் நிறுவனத்தின் துணையோடு ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஐதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் மையம் செயற்கைக்கோள் வழியாகக் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் அளந்து, மீன் கூடக்கூடிய இடங்களைக் கணிக்கிறது. எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை ஆழத்தில் என்று குறிப்பு தருகிறது. அந்தக் குறிப்பும், அலை, காற்று நிலவரமும், எல்லை நெருங்கும்போது எச்சரிக்கையும் ஃபிஷர் ஃப்ரெண்ட் மூலம் மீனவர் கைக்கு வந்தன.

திருவேட்டக்குடியில் இருக்கும் புதுச்சேரி என்.ஐ.டி.யில் படிக்கும் நான்கு பேர் பட்டினச்சேரிக்கென்று இதே வகையில் சிறிய செயலி ஒன்றை எழுதுகிறார்கள் என்று கற்பனை செய்துகொள்வோம். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் அந்த 10.05-ஐக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். லேப்டாப்பில் கோடு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. மூன்று மணிக்குப் படகேறப் போகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் இன்னும் வரவில்லை.

இடையில் இருக்கும் பாதையைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. மூல நிரலை எடுத்து ஆண்ட்ராய்டு கோப்பாகக் கட்ட வேண்டும். இதற்கு பில்ட் என்று பெயர். சோதனைகளை ஓட்ட வேண்டும். கோப்பின் மேல் டிஜிட்டல் கையெழுத்து விழ வேண்டும். பிளே ஸ்டோருக்கு ஏற்ற வேண்டும். தினசரிக் கணிப்பைத் தரும் சர்வரிலும் புது நிரலை இறக்க வேண்டும், இது டிப்ளாய்மென்ட். இத்தனையையும் தூக்கம் வராத ஒரு மாணவர் கையால் செய்யலாம். ஒரு நாள் சோதனையை மறப்பார், இன்னொரு நாள் பழைய கோப்பை ஏற்றுவார். அதனால் இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவிகள் வந்தன: ஜென்கின்ஸ், கிட்லேப் சிஐ, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், சர்க்கிள்சிஐ என்று பட்டியல் நீளம். எதை எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். என் அபிப்பிராயம், அதைக் கடைசியில் கேட்டால் போதும்.

முதல் கருவி பிறந்த கதையிலிருந்தே இதைப் பார்க்கலாம். 1976-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற நிரலாளர் ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்தார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார்! திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்ததால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் வார இறுதியில் உட்கார்ந்து ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டால், மாறியதை மட்டும் அது மறுபடி கட்டும். மேக் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியால் திட்டு வாங்காத தலைமுறை இல்லை. ஃபெல்ட்மனுக்கே அது தவறு என்று சீக்கிரம் தெரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்; அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அரை நூற்றாண்டாக அந்த டேப் நம்மோடு இருக்கிறது. கருவியின் கோணல் அதைத் தேர்ந்தெடுத்தவர் தலையில் எத்தனை காலம் உட்காரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கட்டுவது ஒரு தொல்லை என்றால், கொண்டுபோய் இறக்குவது பெருந்தொல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேபிடல் என்ற நிறுவனத்துக்கு நடந்ததை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டும். ஒரு ஊழியர் கையால் ஏற்றினார். ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் இல்லை. பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அந்த எட்டாவது சர்வரில் விழித்துக்கொண்டு பங்குகளைக் கண்மண் தெரியாமல் வாங்கி விற்றது. பதறிப்போன குழு, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புது நிரலை நீக்கியது. விளைவு, எட்டிலும் பழைய நிரல் ஓடியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் பின்னர் பதிவு செய்தது.

இந்தக் கதையை ‘தானியங்கிக் கருவி வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார்கள்’ என்று முடிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கருவி இல்லாததைவிட, ஏற்றும் முறை எங்கும் எழுதப்படாமல் இருந்ததுதான் வினை. எழுத்தில் இல்லாத நடைமுறையை எந்தக் கருவியாலும் நடத்த முடியாது. எழுதிவிட்டால், பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட்கூட எட்டு சர்வரையும் எண்ணிப் பார்த்திருக்கும்.

ஆகவே நம் நான்கு மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எந்தக் கருவியின் இணையதளத்தையும் திறக்காமல், பில்ட் முதல் டிப்ளாய் வரையிலான ஒவ்வொரு படியையும் ஸ்கிரிப்டாக எழுதி, நிரலோடு சேர்த்தே வைப்பது. ஆண்ட்ராய்டு என்பதால் கட்டுவதற்கு கிரேடில் வரும். பிளே ஸ்டோருக்கு ஏற்ற ஃபாஸ்ட்லேன் உதவும். ‘கட்டு’, ‘சோதி’, ‘அனுப்பு’ என்று மூன்று கட்டளைகள் போதும். அவை புதிதாக வாங்கிய ஒரு லேப்டாப்பில் ஓட வேண்டும்.

நடுவில் இருக்கும் ‘சோதி’யில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எல்லைப் புள்ளிக்கு ஒரு சோதனை: ஒப்பந்தத்தில் உள்ள பாகை, நிமிடத்தைக் கொடுத்தால் 10.0833 வருகிறதா? ஒரே வரி. 3.7 கிலோமீட்டர் பிழை அங்கேயே பிடிபடும்.

அடுத்தது தமிழுக்கே உரிய தொல்லை. ‘பட்டினச்சேரி’யில் நாம் எண்ணினால் ஏழு எழுத்து. கணினி யூனிகோடில் எண்ணினால் 12. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். அறிவிப்புப் பலகையில் 11-க்கு மேல் இடமில்லை என்று நிரல் வெட்டினால் ‘பட்டினச்சேர’ என்று நிற்கும். ஊர்ப் பெயரையே பிழையாகக் காட்டும் செயலி சொல்லும் காற்று நிலவரத்தை யார் நம்புவார்கள்? எழுத்து எல்லையில்தான் வெட்டுகிறதா என்று ஒரு சோதனை வேண்டும். இதற்கு உதவ, முத்து அண்ணாமலையும் தோழர்களும் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் நூலகம் இருக்கிறது.

மூன்றாவது நேரம். மேகத்தில் ஓடும் பில்ட் எந்திரங்களின் கடிகாரம் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே விடியற்காலை 3 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 9.30. ‘இன்றைய கணிப்பு’ என்பதை அந்தக் கடிகாரத்தை வைத்துத் தேடும் சர்வர், காலை ஐந்தரை வரை நேற்றைய கணிப்பையே எடுத்துக் கொடுக்கும். பகல் இரண்டு மணிக்கு வகுப்பறையில் சோதித்துப் பார்க்கும் மாணவருக்கு இது ஒருநாளும் தெரியாது. படகு போகும் நேரத்தில் மட்டும் தவறாக இருக்கும் செயலி! கடிகாரத்தை 3 மணிக்கு வைத்து ஓட்டும் ஒரு சோதனை இதைக் காப்பாற்றும்.

இந்தச் சோதனைகளை ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் ஓட்டுவதைத்தான் தொடர் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் 2001-ல் வெளியிட்ட குரூஸ்கன்ட்ரோல் இதற்கான முன்னோடிக் கருவி. சன் நிறுவனத்தில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி, தாம் எழுதும் நிரல் அடிக்கடி பில்டை உடைப்பதைப் பிறர் சொல்லும் முன் தாமே தெரிந்துகொள்ள ஹட்சன் என்று ஒன்றை எழுதினார். சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு பெயருரிமைத் தகராறு வந்து, 2011-ல் அது ஜென்கின்ஸ் ஆனது. ஜென்கின்ஸ் இலவசம், திறந்த மூலம், எதையும் செய்யும். ஆனால் சொந்தமாக ஒரு எந்திரத்தில் நிறுவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘சொந்த எந்திரம் எதற்கு, நாங்கள் இணையத்தில் ஓட்டித் தருகிறோம்’ என்று அதே 2011-ல் பெர்லினில் தொடங்கியது ட்ராவிஸ் சிஐ. திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசம். உலகமே அங்கே போய்ச் சேர்ந்தது. ஓப்பன்-தமிழின் முகப்பிலும் ட்ராவிஸின் பில்ட் முத்திரை இருந்தது. சம்பளமில்லாமல் தமிழுக்கு நிரல் எழுதும் சிலருக்கு, ஒவ்வொரு திருத்தத்தையும் யாரோ சும்மா சோதித்துத் தருவது பெரிய கொடை. 2019 ஜனவரியில் ட்ராவிஸை ஐடெரா என்ற நிறுவனம் வாங்கியது. 2020 நவம்பரில் வரம்பில்லாத இலவசம் போய், குறிப்பிட்ட அளவு கிரெடிட் என்றானது. 2021 ஜூனில் திறந்த மூலத் திட்டங்களுக்கான பழைய தளமே மூடப்பட்டது. பலரும் மூட்டை கட்டி கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குப் போனார்கள். அது 2019 நவம்பரில்தான் எல்லோருக்கும் திறந்திருந்தது.

அந்தக் குடிபெயர்ப்பில் யார் கஷ்டப்பட்டார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். வேலையைத் தங்கள் ஸ்கிரிப்டில் வைத்து, ட்ராவிஸை ‘இதை ஓட்டு’ என்று மட்டும் கேட்டவர்கள் ஒரு மாலையில் மாறினார்கள். வேலை முழுவதையும் ட்ராவிஸின் அமைப்புக் கோப்புக்குள், அதன் சொந்தக் கட்டளைகளில் எழுதியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள். கருவி கூலிக்கு வந்த ஆள். வீட்டுச் சாவியை அவரிடம் விட்டுவைக்கக் கூடாது. இன்றைக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பிறர் எழுதிய ஆயத்த ‘ஆக்‌ஷன்’களை ஐம்பது வரிக்கு அடுக்குகிறவர்கள் அதே பள்ளத்தைத் தாங்களே தோண்டுகிறார்கள்.

சாவி என்றது உவமைக்கு மட்டுமல்ல. செயலியில் கையெழுத்திடும் சாவி, பிளே ஸ்டோருக்கான அனுமதி, சர்வரின் கடவுச்சொல் எல்லாம் இந்தக் கருவியிடம்தான் இருக்கும். தாக்குபவருக்கு இதைவிட நல்ல இடம் ஏது? 2020-ல் வெளியே வந்த சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில் ஊடுருவியவர்கள் பில்ட் எந்திரத்துக்குள் உட்கார்ந்து, கட்டும் கணத்தில் மட்டும் மூலக் கோப்பை மாற்றினார்கள். வெளியே வந்த மென்பொருளில் நிறுவனத்தின் அசல் கையெழுத்தே இருந்தது. 2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் தங்கள் ரகசியங்களை மாற்றிக்கொள்ளச் சொன்னது. 2025 மார்ச்சில், 23,000-க்கும் அதிகமான திட்டங்கள் பயன்படுத்திய ஒரு கிட்ஹப் ஆக்‌ஷனைக் கைப்பற்றியவர்கள், அதன் பழைய பதிப்புப் பெயர்களையே தீய நிரலின் பக்கம் திருப்பிவிட்டார்கள். ரகசியங்கள் பதிவேட்டில் அச்சாகின. பதிப்புப் பெயரை நம்பாமல், அந்த நிரலின் முழு அடையாளக் குறியீட்டையே எழுதி வைத்தவர்கள் தப்பினார்கள். சொந்த எந்திரம் என்றாலும் நிம்மதி இல்லை: 2024 ஜனவரியில் ஜென்கின்ஸில் வெளியான ஓட்டை வழியாக வெளியாட்கள் அந்த எந்திரத்தின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. அடுத்த நாளே புதுப்பிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. செமஸ்டர் தேர்வு நேரத்தில் நம் நால்வரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது கருவிக்கு வரலாம். இதுவரை சொன்னதைச் செய்தவர்களுக்கு இந்தப் பகுதி சப்பென்றுதான் இருக்கும். நிரல் கிட்ஹப்பில் இருந்தால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். கிட்லேப்பில் இருந்தால் கிட்லேப் சிஐ. நிரல் இருக்கும் இடத்திலேயே இருக்கும் கருவிக்கு இன்னொரு கணக்கு, இன்னொரு கடவுச்சொல், இன்னொரு கதவு தேவையில்லை. நிரலைப் பொதுவில் வைத்தால் கிட்ஹப்பின் வழக்கமான எந்திரங்கள் இலவசம். மறைவாக வைத்தால் இலவசக் கணக்குக்கு மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள்; கிட்லேப் 400. ஒரு பில்டுக்கு 8 நிமிடம், நாளுக்குப் பத்து முறை என்றால் 30 நாளில் 2,400 நிமிடம்; 25-ஆம் தேதியே கஜானா காலி. ஆகவே பில்டை வேகமாக்குவதும், ஏற்கெனவே இறக்கிய நூலகங்களைச் சேமித்து வைப்பதும் இங்கே காசு விஷயம். தரவு அரசு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை இருந்து, பார்த்துக்கொள்ள நிரந்தர ஊழியரும் இருந்தால் மட்டுமே சொந்த எந்திரத்தில் ஜென்கின்ஸோ கிட்லேப்போ வைக்கச் சொல்வேன். கூகுள் 2015-ல் திறந்துவிட்ட பேசல் போன்ற பெரிய பில்ட் கருவிகளை நால்வர் குழு திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

நூல்கள் பெரும்பாலும் சர்வரை மனதில் வைத்தே டிப்ளாய்மென்ட்டைச் சொல்கின்றன. நம் செயலி போய்ச் சேருவதோ ஒரு செல்போனுக்கு, அதுவும் பாதி நாள் சிக்னல் இல்லாத கடலில் இருக்கும் செல்போனுக்கு. சர்வரில் தவறு நடந்தால் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றலாம். பிளே ஸ்டோரில் பின்னால் போக முடியாது. ஒவ்வொரு பதிப்பின் எண்ணும் முந்தையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். பழைய நிரலையே மறுபடி தர வேண்டுமானாலும் புது எண்ணில் கட்டித்தான் தர வேண்டும். அதனால் ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பாமல், முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அனுப்பி, கோளாறு தெரிந்தால் அங்கேயே நிறுத்தும் வசதி பிளே ஸ்டோரில் இருக்கிறது. நம் ‘அனுப்பு’ கட்டளை அதைத்தான் செய்ய வேண்டும். அந்த ஐந்து சதவீதம் யார் என்பதை கூகுள் தீர்மானிக்கும். அதற்கும் முன்பு, ஊரில் முன்வரும் சிலரைச் சோதனைக் குழுவில் சேர்த்துக்கொள்வது உத்தமம். காற்று மாறியதைச் செயலி எப்போது சொன்னது, தங்களுக்கு எப்போது தெரிந்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல அவர்களால்தான் முடியும்.

அனுப்பிய பிறகும் எல்லோருக்கும் போய்ச் சேராது. டேட்டா தீர்ந்துவிடும் என்று தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு முந்தைய பதிப்பு யாரோ ஒருவர் செல்போனில் ஓடிக்கொண்டேயிருக்கும். எனவே சர்வரில் புது நிரலை ஏற்றும் முன், பழைய பதிப்புகள் கேட்கும் கேள்விகளுக்கும் அது பதில் சொல்கிறதா என்று ‘சோதி’ கட்டளையிலேயே சோதிக்க வேண்டும். எல்லைப் புள்ளிகளைச் செயலிக்குள் புதைக்காமல் தனிச் சிறு கோப்பாக வைத்தால் இன்னும் நல்லது. முழுச் செயலியும் பல எம்.பி. இருக்கும், அந்தக் கோப்பு சில கே.பி.தான். கரையில் சிக்னல் கிடைக்கும் அரை நிமிடத்தில் இறங்கிவிடும். இரவு பதினொரு மணித் திருத்தம் விடியற்காலை மூன்று மணிக்குள் போய்ச் சேர நடைமுறையில் இருக்கும் வழி இதுதான். அந்தக் கோப்புக்கும் கையெழுத்து உண்டு. அதைச் சரிபார்க்காமல் செயலி ஏற்கக் கூடாது.

கையெழுத்துச் சாவி பற்றி இன்னொன்று. முன்பெல்லாம் சாவி தொலைந்தால் அந்தச் செயலியைப் புதுப்பிக்கவே முடியாது; வேறு பெயரில் புதிதாக வெளியிட்டு, ஒவ்வொருவரையும் மறுபடி இறக்கச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து புதுச் செயலிகளின் கையெழுத்துச் சாவியை கூகுளே வைத்துக்கொள்கிறது. நம்மிடம் இருப்பது பதிவேற்றச் சாவி. அது தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் அந்தச் சாவி படிப்பை முடித்துப் பெங்களூரு போய்விட்ட சீனியரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது.

எப்போது வெளியிடுவது என்பதைக் கடற்கரை நாட்காட்டியே சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சர்வரை மாற்றுவது, பில்ட் கருவியை மாற்றுவது, செயலியின் வரைபடத்தைப் புதிதாக எழுதுவது போன்ற பெரிய வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் படகுகள் அப்போதும் போய்வரும், ஆகவே கைவிட்டுவிட முடியாது. ஆனால் ஆழ்கடலில் ஆட்கள் குறைவு. மாசி மகத்தன்று ஊரே கடற்கரையில் திருக்கண்ணபுரம் சவுரிராஜப் பெருமாளை மாப்பிள்ளை என்று வரவேற்றுக்கொண்டிருக்கும். அன்றைக்குச் சோதனைக் குழுவைக் கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் எல்லைக் கோப்பு, கணிப்புப் பிழை போன்ற அவசரத் திருத்தம் தவிர எதையும் அனுப்பாமல் இருப்பது நல்லது. இந்த விதியைச் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை. தேதியைப் பார்த்து, இரண்டு பேர் ஒப்புதல் தராவிட்டால் ‘அனுப்பு’ கட்டளை மறுக்கும்படி ஸ்கிரிப்டிலேயே நான்கு வரி எழுதிவிடலாம்.

அதே தடைக்காலத்தில் ஒரு ஒத்திகையும் உண்டு. கருவியின் கணக்கை யாரும் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டு, குழுவில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவரிடம் காலி லேப்டாப்பைக் கொடுத்து, சோதனைத் தடத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடச் சொல்ல வேண்டும். அவர் எந்த இடத்தில் நின்று சீனியரைக் கேட்கிறாரோ, அந்தப் படி ஸ்கிரிப்டில் இல்லை.